மரம் இல்லாத அறை

பட்டறைக்காரர் கோத்த பெட்டி பிரியாது. இது அவர் மட்டும் சொல்லிக்கொண்டது அல்ல. அவரோடு மல்லுக்கு நின்ற மரக்கடைக்காரர்களே பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்ட சங்கதி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன். கணக்கு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து ஓடிவந்து ஒரு மரவாடியில் ஒண்டியவர், கட்டை சுமந்து, வாள் இழுத்து, உளி பிடித்து, கடைசியில் சொந்தக் கொட்டகை போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கிற ஆளாக நிமிர்ந்தார். யாரும் தோள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தன் பெருமையில் பாதி அவனுக்குப் போயிருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அவர் ஆணியைத் தொடமாட்டார். ஒரு சட்டத்தில் துளை, இன்னொரு சட்டத்தில் அதற்கேற்ற நாக்கு. துளைக்குள் பசை தடவி, நாக்கை இறக்கி, மரச்சுத்தியால் ஒரு தட்டு. இரண்டும் ஒரே கிளையில் முளைத்த மாதிரி நின்றுவிடும். “ஆணிங்கிறது வேலை தெரியாதவன் மரத்துக்குக் குடுக்கிற லஞ்சம்” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

வீட்டில் கட்டில், அலமாரி, நாற்காலி, ஜன்னல், கரண்டி மாட்டும் சட்டம் எல்லாம் அவர் கைவேலைதான். கடையில் வாங்கிய ஒரு முக்காலிகூட உள்ளே நுழைந்தது கிடையாது. “இந்த வீட்டுல மரத்துல செய்யாதது நானும் குழாயும்தான். எனக்கும் ஒருநாள் இழைப்புளி போட்டு இழைச்சுடுவார்” என்று மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள்.

அந்த வீட்டுக்குத்தான் கட்டிக்கொடுத்த மகள் ஒரு காலை நேரத்தில் ஒற்றைப் பையோடு திரும்பி வந்தாள். கையில் ஓட்டை போட்ட ஓர் அட்டைப் பெட்டி. என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த மனைவியைப் பட்டறைக்காரர் கண்ணாலேயே அடக்கினார். பெட்டிக்குள் ஏதோ பிறாண்டியது.

“என்னம்மா அது?”

“எலிப்பா.”

“எலியா! எதுக்கு?”

“என்கூட இருக்கும்.”

பட்டறையில் எலியென்றால் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் அவர். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பலகையைக் கடிக்குது பலகையைக் கடிக்குதுன்னு நீங்க திட்டின திட்டெல்லாம் சேர்ந்து வீட்டுக்கே வந்திருக்கு, பாருங்க.”

ஆனால் அவை சாக்கடை எலிகள் இல்லை. ஒன்றுக்குத் தலை கறுப்பு, உடம்பு வெள்ளை. பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கை இரண்டையும் தேய்த்துக்கொண்டு எதிராளியை மடக்கப்போகிற தோரணையில் பார்க்கும். அதற்கு வக்கீல் என்று பெயர். இன்னொன்று சாம்பல் நிறம். தின்னும், தூங்கும், யாராவது தொட்டால் சலித்துக்கொண்டு திரும்பிப் படுக்கும்; அதன் பெயர் முதலாளி. “உங்க பேரைத்தான் வச்சிருக்கா” என்றாள் மனைவி. மகள் உதட்டோரம் லேசாகச் சிரித்தது போலிருந்தது. வந்து இறங்கியதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அவளுடைய பை மட்டும் கட்டில் காலடியில் பிரிக்காமலே கிடந்தது. உடுத்த ஒரு துணி எடுப்பாள், துவைத்து மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைத்து மூடுவாள். பட்டறைக்காரர் தினமும் அந்தப் பையைத்தான் பார்த்தார். கட்டிய பை கட்டியபடியே இருந்தால் எந்த நேரமும் கிளம்பிவிடலாம். எங்கே போவாள், யாரிடம் போவாள்? மகளிடம் பேசத் தெரியாத ஆள் அவர். பேச்சு வராத இடத்திலெல்லாம் மரத்தை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

பட்டறைப் பரணில் நெடுங்காலமாகக் கிடந்து கல் மாதிரிக் காய்ந்த பலகைகளை இறக்கச் சொன்னார். எலிகளுக்கு ஒரு வீடு கட்டினார். வீடென்றால் வீடுதான்: மேல் தளம், கீழ் தளம், ஏறுவதற்குப் படி, ஒளிந்து தூங்க ஓர் உள்ளறை, முன்னால் கம்பி வலைக் கதவு. ஓர் ஆணி கிடையாது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து மகளின் அறையில் மேசைமேல் வைத்தபோது பட்டறைக்காரர் கதவோரமாக நின்று எங்கேயோ பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்குப்பா” என்றாள் மகள்.

பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவள் எலிகளுக்குத் தானியம் போடுகிற சாக்கில் எழுந்தாள், அவற்றோடு பேசுகிற சாக்கில் வாயைத் திறந்தாள். வக்கீல் வழக்காடுவதை அப்பாவுக்கு நடித்துக் காட்டினாள். ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தால், பை வெறும் பையாக மடங்கிக் கிடக்கிறது, துணியெல்லாம் அலமாரியில். அன்றைக்கு மனுஷன் தெருவில் பார்த்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் குசலம் விசாரித்தார். எலி சுகமாக இருந்தால் பெண் இங்கே இருப்பாள் என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் அரிப்பு ஆரம்பித்தது.

முதலில் வக்கீல் பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது. எலி சொறியும், அதற்கென்ன என்று விட்டார்கள். ஆனால் அது சொறிந்துகொண்டே இருந்தது. தோளில் முடி கொட்டி, சின்னச் சின்னப் பொருக்கு வந்தது. முதலாளிகூடத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சொறிந்தது. காலையில் மகள் உள்ளறைக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து உதறினாள். துணியில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். ஒரு புள்ளி நகர்ந்தது. விரலால் அழுத்தினாள், துணியில் சிவப்பாக அப்பிக்கொண்டது.

“அப்பா, இது ரத்தம்.”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டார். “தூசிம்மா. எண்ணெயைத் தடவி விடு, சரியாயிடும்.”

சரியாகவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு பிராணிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. வக்கீலின் முடியை விலக்கிப் பார்த்து, ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

“செள்ளுங்க. மைட்னு சொல்லுவாங்க. எலி உடம்புலயே குடியிருக்கிற ஜாதி ஒண்ணு உண்டு. இது அது இல்ல. இது வந்து ரத்தம் குடிச்சிட்டுத் திரும்பப் போய் இடுக்குல ஒளிஞ்சுக்கும். பிடரியில மருந்து விடுறேன். எலிக்கு அது போதும். ஆனா கூண்டு எதுல செஞ்சது?”

“மரம்” என்றார் பட்டறைக்காரர், நெஞ்சை நிமிர்த்தி. “என் கையால செஞ்சது.”

“அதை மாத்திடுங்க ஐயா. மரத்துல இடுக்கு இருக்கும். கழுவினாலும் போகாது.”

“என் மரத்துலயா? இடுக்கா?” அவர் மகளைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். “டாக்டரம்மா, நான் கோத்த இடத்துல ஒரு தலைமுடியை நுழைச்சுக் காட்டுங்க பார்ப்போம்.”

“தலைமுடி நுழையற இடம் அதுக்கு ராஜபாட்டைங்க ஐயா” என்றாள் அவள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

வழியெல்லாம் அவர் புகைந்தார். அந்த எலி வீடு போனால் அவளுக்காகவே தன் கையால் செய்ததென்று ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. “நான் சுத்தம் பண்ணித் தர்றேன். நீ கவலைப்படாதே” என்றார். மகளும் சரியென்றாள். அவளுக்கும் அதைத் தூக்கிப்போட மனசில்லை.

கேளுங்கள், அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் வேலை தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடியது. ஒவ்வொன்றும் தப்பாகவே போனது. எலிகளை அட்டைப் பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார். மரம் ஊறி உப்பியது. வெயிலில் காயவைத்தார். உப்பிய மரம் சுருங்கும்போது இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த பொருத்துகள் வாயைத் திறந்தன. திறந்த வாயில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பினார். அது காய்ந்து ஓரங்களில் விரிந்தது. பாலீஷ்காரரை அழைத்து மேலே இரண்டு பூச்சு கொடுக்கச் சொன்னார். பாலீஷ்காரர் பட்டறையில் அவரோடு ஆதியிலிருந்து இருப்பவர். அண்ணே அண்ணே என்று சொல்லிக்கொண்டே காலை வாருகிற ஆள்.

“அண்ணே, எத்தனையோ பெரிய மனுஷன் வீட்டுக் கதவுக்கெல்லாம் பூசியிருக்கேன். எலி வீட்டுக்குப் பூசி என் தொழில் இப்பத்தான் பூரணமாச்சு.”

“வாயை மூடிட்டுப் பூசுப்பா.”

பாலீஷ் நெடியில் எலிகள் விடாமல் தும்மின. மகள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நெடி ஆறியதும் திரும்ப உள்ளே விட்டார்கள். கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. பட்டறைக்காரர் டாக்டரம்மாவிடமே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் வெள்ளைத் துணியில் மறுபடியும் புள்ளி.

வக்கீல் எழுந்து நிற்பதை விட்டது. காதுகள் வேர்க்கடலைத் தோல் நிறத்தில் இருந்தவை, காகிதம் மாதிரி வெளுத்தன. பாதமும் வெளுத்தது. டாக்டரம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, “ரத்தம் குறைஞ்சுபோச்சு. இவ்வளவு சின்ன உடம்பு இதுக்கு! மருந்து விடுறேன். ஆனா திரும்பத் திரும்பக் குடிச்சா மருந்து என்ன பண்ணும்? இன்னும் அதே கூண்டா?” என்றாள்.

பட்டறைக்காரர் தரையைப் பார்த்தார்.

அன்றைக்கே கூண்டைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று உளியை வைத்துத் தட்டினார். பிரியவில்லை. ஓரத்தில் வாய் திறந்தாலும் உள்ளே நாக்கு விடமாட்டேன் என்றது. பலமாக அடித்தார். பாலீஷ்காரர் ஒரு பக்கம் மிதித்துப் பிடிக்க, இவர் ஒரு பக்கம் நெம்ப, வியர்த்து ஊற்றியதுதான் மிச்சம்.

“நீங்க பண்ணினதை நீங்களே உடைக்க முடியலையேண்ணே” என்றார் பாலீஷ்காரர். அதில் கேலி இல்லை.

கடைசியில் பெரிய சுத்தியால் ஒரு போடு போட, மூலை வாயைப் பிளந்தது. உள்ளே, நாக்கு உட்கார்ந்திருந்த துளையின் நான்கு ஓரத்திலும், செங்கல் பொடியைத் தூவிவிட்ட மாதிரி இருந்தது. வெளிச்சம் பட்டதும் பொடி நகர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, உள்பக்கம் நோக்கி.

பாலீஷ்காரர் குனிந்து பலகையைப் புரட்டிப் பார்த்தார்.

“பரண்ல இருந்து இறக்கின பலகைதானேண்ணே இது? அங்க மூலையில எலிக்கூடு கிடந்துச்சே. கூட்டித் தள்ளிட்டுத்தானே பலகையை எடுத்தோம்.”

பட்டறைக்காரருக்கு எல்லாம் விளங்கியது. மரம் காய்ந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அந்தப் பலகையில் ஒரு வீட்டைக் கட்டித் தானே மகள் அறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். கூண்டைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டு எரித்தார். நல்ல மரம், நின்று நிதானமாக எரிந்தது. பாலீஷ் மட்டும் சடசடவென்று பொரிந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கடையில் ஒரு சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முழுக்க இரும்புக் கம்பியில் செய்த கூண்டு. அடியில் பிளாஸ்டிக் தட்டு. சாம்பல் வாசனை அவர் சட்டையிலேயே இருந்தது.

“அதை எரிச்சிட்டீங்களாப்பா?”

“ஆமாம்மா.”

“பரவாயில்லப்பா.” அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புதுத் துணி, புதுக் கூண்டு, பிடரியில் புது மருந்து. ஆனால் வக்கீலின் காதில் நிறம் ஏறவில்லை. பிறகு மனைவி முழங்கையைச் சொறிய ஆரம்பித்தாள். வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். பட்டறைக்காரருக்கு இடுப்பில். மகளுக்குக் கழுத்தில். ஒருநாள் கூண்டு வைத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் கையை நிறுத்தினாள். மேசைக்கால் மேசையோடு சேர்கிற இடத்தில் பொடிப் புள்ளிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன.

“வீட்டுல மரச்சாமான் நிறைய உண்டா?” என்று கேட்டாள் டாக்டரம்மா.

மனைவிதான் பதில் சொன்னாள். “மரச்சாமானுக்குள்ளதாங்க நாங்க இருக்கோம்.”

வழக்கமாக இதற்குச் சிரிப்பு வரும். யாரும் சிரிக்கவில்லை.

பூச்சி மருந்து அடிக்கிற ஆள் வந்தான். கட்டிலைத் தட்டினான், அலமாரியின் பின்பக்கம் விளக்கடித்துப் பார்த்தான், ஜன்னல் சட்டத்தை விரலால் வருடினான். “பிரமாதமான வேலைங்க. யாரு பண்ணினது?” என்றான். பட்டறைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மேல அடிக்கலாம். ஆனா இப்படி அழுத்தமாக் கோத்திருந்தா உள்ள மருந்து இறங்காது. எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்தீங்கன்னா அடிக்கலாம். அதுவும் எலி இருக்கிற வீட்டுல அடிக்கமாட்டேன், செத்துடும். எலிக்கு முதல்ல வேற இடம் பாருங்க.”

பிரித்துக் கொடுக்க வேண்டும். கட்டிலை, அலமாரியை, ஜன்னலை. அவர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு அதன் காலைப் பிடித்து முறுக்கினார். அசையவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். கையில் துண்டில் சுற்றிய வக்கீல். ஊசி இல்லாத மருந்துக் குழாயில் சத்துநீர் புகட்டிக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் பாதி வழிந்தது.

“அப்பா, நான் எங்கயும் போகல. இங்கயே வச்சுப் பார்த்துக்கலாம். தினம் துடைக்கலாம், தினம் துணி மாத்தலாம். என்னால இந்த வீட்டை விட்டு இருக்க முடியாதுப்பா.”

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தார்? பையைப் பார்த்துப் பார்த்து ஏங்கியதெல்லாம் இதற்காகத்தானே? இப்போது அது காதில் விழுந்தபோது, துண்டுக்குள் தெரிந்த அந்த வெளுத்த காதைத்தான் பார்க்க முடிந்தது. இங்கே இருந்தால் அது பிழைக்காது. அது செத்துப்போனால் இவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். இவளோடு வெளியே அனுப்பினால் அது பிழைக்கலாம். பிழைக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவர் கைக்கு ஒரு வேலையும் இல்லை.

“பார்க்கலாம்மா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் தெருத் தெருவாக அலைந்தார். வாடகைக்கு அறை என்று எழுதிப்போட்ட இடமெல்லாம் ஏறி இறங்கினார். எல்லோரும் காற்று வருமா, தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

“உள்ள மரம் ஏதாவது இருக்கா?”

“இருக்கே! நல்ல தேக்குக் கதவு பெரியவரே, பாருங்க.”

“அப்ப வேணாம்.”

ஒரு வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டே உள்ளே யாரிடமோ, “மண்டை குழம்பின ஆள் போலிருக்கு, பாவம்” என்றது காதில் விழுந்தது. இன்னொரு வீட்டில், “நீங்க பட்டறைக்காரர்தானே? நீங்களா மரம் வேணாங்கிறீங்க?” என்று சிரித்தார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தார். கடைசியில் பழைய மோட்டார் கடைக்கு மேலே ஓர் அறை. இரும்புக் கதவு, சிமெண்ட் அலமாரி, கம்பி ஜன்னல், உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அழகென்று சொல்ல ஒன்றும் கிடையாது. சுவரை மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுதான் வேணும்” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம், “இடம் பார்த்துட்டேன். நீ கிளம்பும்மா” என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். மனைவி அடுப்படியில் பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள்.

“நீங்களே அனுப்புறீங்களாப்பா?”

“ஆமா.”



டாக்டரம்மா சொன்னபடி இங்கிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது. துணியையெல்லாம் வெந்நீரில் அலசிக் காயவைத்துப் புதுப் பையில் போட்டார்கள். பாய் புதுசு, பாத்திரம் புதுசு. கம்பிக் கூண்டைக் கொதிநீரில் கழுவினார்கள். முதலாளி அதன் மூலையில் சுருண்டிருந்தது. வக்கீலை மகள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பட்டறைக்காரர் மாடிவரை போகவில்லை. சாமானைப் படிக்கட்டின் அடியில் இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

அதற்குப் பிறகு தினமும் போகிறார். பட்டறையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, அங்கே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறார். ஆனாலும் மோட்டார் கடை வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிடும். இடுப்பில் ஒரு அரிப்பு. நிஜமாகவே அரிக்கிறதா, நினைப்பில் அரிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை.

“மேல வாங்கப்பா” என்று இன்றைக்கும் மகள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

“இல்லம்மா. சட்டையில எதுனா ஒட்டிக்கிட்டு வந்திருந்தா?”

“குளிச்சிட்டுத்தானே வந்தீங்க?”

“குளிச்சேன். இருந்தாலும்...” அவர் கையை உதறினார், தோளைத் தட்டினார். “எப்படி இருக்கு?”

“காலையில ரெண்டு பருக்கை தின்னுச்சு.”

“அப்ப தேறிடும்ல?”

மகள் உள்ளே திரும்பி வக்கீலைக் கையில் எடுத்தாள். “தெரியலப்பா.”

கம்பி இடைவெளி வழியாக அதைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு உயரத்தில் ஒரு வெள்ளைத் துண்டும் அதில் ஒரு கறுப்புப் புள்ளியும்தான் தெரிந்தன. காதில் நிறம் ஏறியிருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தெரியவில்லை. கீழே மோட்டார் கடையில் எதையோ ஓடவிட்டுச் சோதித்தார்கள். மகள் இன்னும் ஏதோ சொன்னாள், அதுவும் கேட்கவில்லை. அவர் கேட்ட மாதிரித் தலையாட்டினார்.